படம் இருந்த இடம்

டிக்கெட் எண் 40718. அவசரம்: குறைவு.
கொள்முதல் பிரிவிலிருந்து ஹுய் மின்:
மெயிலில் எழுத்து சிறுத்துவிட்டது,
வரிகள் பாதியில் உடைகின்றன,
படம் வரவேண்டிய இடத்தில் ஏதோ குறியீடு.
நாளை ஆடிட். அச்செடுத்தால் அசிங்கமாக இருக்கிறது.

உபியில் ஆறாவது மாடி.
கோப்பி சியூ டாய் கைக்கெட்டும் தூரத்தில் ஆறிக்கொண்டிருக்க
வழக்கமானவற்றை முதலில் பார்த்தேன்.
படங்களைத் தானாக இறக்காதே என்ற தடை?
இல்லை.
இணைப்பின் அளவு கூடிப்போய் வாசலில் நின்றுவிட்டதா?
அதுவும் இல்லை.
படம் தடுக்கப்படவில்லை. படமே இல்லை.
சதுர அடைப்புக்குள் அதன் பெயர் மட்டும்:
இமேஜ், சைபர், சைபர், ஒன்று.
ஆளில்லாத மேசையில் பெயர்ப்பலகை.

கீழே இறங்கினேன்.
மெயிலுக்குள் மெயில், அதற்குள்ளும் மெயில்.
வரிக்கு முன்னால் அம்புமுனைகள்
ஒன்று, மூன்று, ஆறு என்று பெருகி
சொற்களை வலப்பக்கச் சுவரோடு
நெருக்கி நிறுத்தியிருந்தன,
மாலை ஆறரைக்கு
ஜூரோங் ஈஸ்ட் ரயிலில் நாம் நிற்பதுபோல.

திரு. லிம்: நோட்டட் வித் தேங்க்ஸ்.
திருமதி நோராஷிகின்: நோட்டட். ப்ளீஸ் ஃபாலோ அப்.
யாரோ கெல்வின், கைப்பேசியிலிருந்து: நோட்டட்.
ஒவ்வொருவர் காலடியிலும்
மரங்களைக் காக்க அச்சிடாதீர் என்றொரு வரி.
ஏழு பேர்.
ஏழு பேரும் ஒரு பெயர்ப்பலகைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

அடியில், எல்லாருக்கும் அடியில்,
துவாஸ் கப்பல் பட்டறையிலிருந்து,
பத்து நாளுக்கு முன், காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு,
சூசைராஜ், ரிக்கர்.
படத்தின் பெயர். அதன் கீழே

??????? ??? ???????? ???????????

எழுத்துப் பிழை என்று கடந்திருப்பார்கள்.
எனக்கோ
இடைவெளி விழுந்திருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது,
இது தமிழ்.
எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்பது கேள்விக்குறி.
மனிதர் ஒன்றுமே கேட்டிருக்க மாட்டார்.

பழைய சேமிப்பைத் திறக்க
மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும்.
ஒப்புதல் வரும்வரை காரணத்தை எழுதிவைத்தேன்:
முதல் கைமாற்றத்திலேயே, மேற்பார்வையாளரின் கைப்பேசி,
வெறும் எழுத்து மட்டும் என்ற அமைப்பு.
நிறம் போகும். தடித்த எழுத்து போகும்.
படம் போகும். பழைய எழுத்துக் குறியாக்கம் என்றால்
தமிழும் போகும்.
இப்படி எழுதுவது சுலபம். தினமும் எழுதுகிறேன்.

மூலம் திறந்தது.
இரும்புக் கயிற்றுச் ஸ்லிங் ஒன்று, கண் வளையத்துக்குச் சற்றுக் கீழே
நாலைந்து இழை அறுந்து
கருவாட்டு முள்ளாய் விறைத்து நிற்கிறது.
அளவு தெரியட்டும் என்று
பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்திருக்கிறார்.
நகத்துக்கடியில் கிரீஸ்.
படத்தின் கீழே,

இதுக்கு மேல தூக்கினா அறுந்துரும்

ஆங்கிலத்தில் பெயர்த்தேன். படத்தை ஒட்டாமல் கோப்பாக இணைத்தேன்.
ஏழு பேருக்கும் அனுப்பினேன், தலைப்பில் அவசரம் என்று போட்டு.
நாலு நிமிடத்தில் முதல் பதில்.

நோட்டட் வித் தேங்க்ஸ்.

இணைப்பைத் திறந்தாரா என்று தெரிந்துகொள்ள
என் பிரிவில் கருவி கிடையாது.

பட்டறை எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன்.
எட்டாவது மணியில் யாரோ எடுத்தார்.
காற்று. பின்னால் கிரேன் நகரும்போது அடிக்கும் மணி.
சூசைராஜா? மேல இருக்கார்க்கா,
இன்னைக்கு லிஃப்டிங்.

எந்த ஸ்லிங்? என்று கேட்டேன்.
என்னக்கா? கேக்கல.
எந்த ஸ்லிங், தம்பி, எந்த ஸ்லிங்?
இருங்க, பாத்துட்டு வரேன்.

போனை எங்கோ தகரத்தின் மேல் வைக்கும் சத்தம்.
திரையில் ஹுய் மின்:
எழுத்து இப்போது சரியாக வருகிறது, நன்றி,
டிக்கெட்டை மூடிவிடலாம்.

மூடவில்லை.
காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.